விராலிமலை ஏறிய இங்கிலீஷ் நோட்டு

'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஓர் இடம் வரும். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்தைக் கேட்க வந்த கூட்டத்தில் வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள். சண்முகசுந்தரம் ஓர் இங்கிலீஷ் நோட்டை எடுத்து வாசிக்கிறார். நாதஸ்வரத்தின் வழக்கமான குழைவும் அசைவும் அதில் இல்லை. சுரங்கள் சிப்பாய்களைப் போல நெட்டுக்குத்தாக வரிசை கட்டி நடக்கின்றன. கேட்கிறவர்களின் கால் தானாகத் தாளம் போடுகிறது. திரையில் வாசித்தவர் சிவாஜி கணேசன். உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் வந்தது 1968-இல்.

நாதஸ்வரக்காரரின் கையில் இருந்த நோட்டைப் படம் காட்டியது. அதே நோட்டு, படத்தின் நாயகி மோகனாவைப் போலச் சதிர் என்னும் ஆட்டம் ஆடிய பெண்களின் காலிலும் இருந்தது. படத்தில் இல்லாத அந்தச் செய்தியைச் சொல்ல நாம் திருச்சியிலிருந்து மதுரை சாலையில் முப்பது கிலோமீட்டர் போய் விராலிமலையில் இறங்க வேண்டும். நோட்டுக்கு ஆடிய கால்கள் கடைசியாக நின்ற இடங்களில் ஒன்று அது.

நோட்டு என்றால் இங்கே பணமும் அல்ல, எழுதுகிற நோட்டும் அல்ல. வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டை நம்மவர்கள் 'நோட்டு' என்றார்கள். அதோடு நம் சொல்லையும் சேர்த்து 'நோட்டுஸ்வரம்' ஆக்கினார்கள். அந்தக் கலப்புப் பெயரிலேயே அதன் கதை பாதி இருக்கிறது. மீதிப் பாதி கடலுக்கு அப்பால் தொடங்குகிறது.

அயர்லாந்தின் தெற்கே கார்க் மாவட்டத்தில் மேலோ என்று ஒரு சிற்றூர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஊற்று நீரில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். உடம்பு தேறியதோ இல்லையோ, குடியும் கூத்தும் நன்றாக நடந்தது. அவர்களைப் பற்றிய பாட்டுதான் 'ரேக்ஸ் ஆஃப் மேலோ'. 1740-களிலேயே அச்சேறிய மெட்டு. எளியது, குதித்து ஓடுவது, ஒருமுறை கேட்டால் வாயை விட்டுப் போகாதது. அந்தக் காலத்து ஜனரஞ்சகப் பாட்டு என்று தாராளமாகச் சொல்லலாம். பட்டாளத்துக்காரர்கள் குழலிலும் முரசிலும் இதை வாசித்துக்கொண்டு போனார்கள். பட்டாளம் போன ஊருக்கெல்லாம் மெட்டும் போனது. 1952-இல் ஜான் ஃபோர்டு எடுத்த 'தி குவயட் மேன்' படத்தில்கூட இது ஒலிக்கிறது.

அதே பட்டாளங்கள் கொண்டுபோன இன்னொரு மெட்டு 'காட் சேவ் தி கிங்'. 1745-இல் லண்டன் நாடக அரங்கில் ஒலித்த பாட்டு. இதற்குச் சொந்தம் கொண்டாடிய நாடுகளைச் சொல்லி மாளாது. லீக்டன்ஸ்டைனின் தேசிய கீதம் இன்றும் இதே மெட்டில்தான் இருக்கிறது. 1831-இல் அமெரிக்காவில் சாமுவேல் ஃபிரான்சிஸ் ஸ்மித் என்ற இளைஞர் இதற்குத் தம் நாட்டைப் பற்றிய சொற்களை எழுதினார். பாஸ்டனில் பிள்ளைகள் அதைப் பாடியபோது இங்கே தமிழ்நாட்டில் அதே மெட்டுக்கு அம்பாளைத் துதிக்கும் சமஸ்கிருதப் பாட்டும் இருந்தது.

அதைச் செய்தவர் முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூரில் பிறந்தவர். அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி சின்னையா முதலியார் என்ற செல்வர் ஆதரித்தார். சென்னைக்கு வடக்கே மணலியில் குடும்பம் தங்கியிருந்தது. முதலியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு நல்ல பழக்கம். அவர் தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய்ப் பேண்டு கேட்க வைத்தார். நம் இசை வரலாற்றைத் திருப்பிப் போட்ட மாலைப் பொழுதுகள் என்று அவற்றைச் சொல்வேன். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடில் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்தினார். வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை இன்று நினைக்க முடிகிறதா? அண்ணன் அங்கே கேட்ட மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டார்.

அவர் பெயரில் ஏறத்தாழ நாற்பது நோட்டு சாகித்தியங்கள் கிடைக்கின்றன. மேலோ குடிகாரர்களின் மெட்டு 'வந்தே மீனாக்ஷி' ஆனது. மன்னனைக் காக்கச் சொன்ன மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. பல சாகித்தியங்களில் அவருடைய முத்திரையான 'குருகுஹ' உண்டு. குருகுஹன் என்றால் முருகன். பட்டாளத்துப் பாட்டு தேவர்களின் சேனாபதியிடம் வந்து சேர்ந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். தீட்சிதரின் பெருங்கீர்த்தனைகள் விளம்பத்தில் நகர்பவை. ஒவ்வொரு சுரமும் பக்கத்துச் சுரத்தின் நிழலைத் தொட்டு அசைந்து வரும். நோட்டில் அந்தக் கமகத்துக்கு இடமே இல்லை. சங்கராபரண மேளத்தின் சுரங்கள் மொட்டையாக, ஒன்று முடிந்ததும் ஒன்று என்று வரும். அசைத்தால் மெட்டு கெட்டுவிடும். எனவே அழகு முழுவதும் சொல்லில் அமைய வேண்டும். நெடில் விழும் இடத்தில் நீண்ட சுரம், குறில் விழும் இடத்தில் ஓடும் சுரம். அப்படிப் பொருத்தியதால்தான் இரு நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பாட்டுப் படிக்க வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இவை நாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. பெருமேதை குழந்தைகளுக்கு இறங்கிவந்து செய்த விளையாட்டு என்று சிலர் இவற்றை ஒதுக்குவார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்னொருவரின் மெட்டை அதன் இயல்பு கெடாமல் ஏற்றுக்கொண்டு தம் சொல்லை அதில் குடிவைப்பது வேறொரு வகை மேதைமை.

அவருடைய இன்னொரு நோட்டான 'ஷ்யாமளே மீனாக்ஷி' பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. தீட்சிதர் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டைச் சமஸ்கிருதமாக்கினார் என்பார்கள். அந்த மெட்டு பிரெஞ்சுக்காரர்களுடையது. 1761-இல் பாரிசில் அச்சானது. மொசார்ட் அதை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுதல்கள் எழுதினார். ஜேன் டெய்லர் நட்சத்திரத்தைப் பற்றிக் கவிதை எழுதியது 1806-இல். கவிதையும் மெட்டும் சேர்ந்து அச்சானது 1838-இல்தான். தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் தீபாவளியன்று காலமாகிவிட்டார். அப்படிப் பார்த்தால் அச்சுப் புத்தகத்தில் நட்சத்திரம் இந்த மெட்டில் குடியேறுவதற்கு முன்பே மீனாட்சி அதில் வந்து அமர்ந்துவிட்டாள்.

1893-இல் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் இசையை மேனாட்டுச் சுரக்குறியில் அச்சிட்டார். எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதரைத் தூண்டி, 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூல் வரக் காரணமானவரும் அவரே. ஆக நோட்டின் ஒரு கிளை ஏட்டுக்கும் அச்சுக்கும் போனது. அந்தக் கிளைக்குப் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, ஆசிரியர் உண்டு.

இன்னொரு கிளை காலில் போனது.

தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜிக்கு மேனாட்டு இசையில் தீராத விருப்பம். அரண்மனையில் பேண்டு வைத்திருந்தார். அவர் வரவழைத்த மேனாட்டு இசைத்தாள்கள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. அதே அரண்மனையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் சதிருக்கு இன்றுள்ள வரிசையை அமைத்தார்கள். நால்வரும் தீட்சிதரின் மாணவர்கள். வடிவேலு வயலினிலும் தேர்ந்தவர். திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஒரு கூடத்தில் பேண்டு, மறு கூடத்தில் சதிர். நடுவில் இருந்த சுவர் காதுக்குத் தடையாக இருந்திருக்காது. கிளாரினெட் சதிர் மேளத்துக்குள் வந்தது. துருத்தி வாத்தியம் சுருதிக்கு நின்றது. மெட்டு மட்டும் வெளியே நின்றுவிடுமா?

சதிரில் நோட்டு நன்றாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. பட்டாள மெட்டு நடக்க வைப்பதற்காகவே கட்டப்பட்டது. இடக்கால், வலக்கால் என்று எண்ணிக்கை பிசகாமல் வரும். ஜதிஸ்வரத்தில் சுரக்கோவைக்கு அடவு செய்து பழகிய காலுக்கு இது புதியதல்ல. நான்கு நான்காக வரும் நடையில் தட்டடவு உட்கார்ந்துகொள்ளும். 'காட் சேவ் தி கிங்' போல மூன்று மூன்றாக அசையும் மெட்டு வந்தால் நம் திஸ்ரம் அதை வாங்கிக்கொள்ளும். சொல்லின் பொருளை முகத்தில் காட்ட வேண்டிய பதமும் வர்ணமும் முடிந்த பிறகு, கேட்பவரைச் சற்று இளக்கிவிடும் துள்ளல் அது. மோடி, குறத்தி, இந்துஸ்தானிப் பாட்டு என்ற துணுக்குகளோடு நோட்டும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்துச் சதிர் மேடை இன்றைய பரதநாட்டிய மேடை போல இராது. நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரர்களும் ஆடுபவளுக்குப் பின்னால் நிற்பார்கள். மிருதங்கத்தை இடுப்பில் கட்டியிருப்பார்கள். அவள் முன்னே வந்தால் மேளமும் முன்னே வரும், பின்னே போனால் பின்னே போகும். ஆடுபவளே பாடவும் செய்வாள். மூச்சும் காலும் ஒன்றாக ஓடும். இந்த அணிவகுப்பில் நோட்டு ஒலித்தபோது ஒரு சின்னப் பட்டாளமே கூடத்தில் நடந்ததுபோல இருந்திருக்கும்.

இனி மலைக்கு வருகிறேன்.

விராலிமலை புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த ஊர். வெட்டவெளியில் திடீரென்று எழும் பாறைக்குன்று. மேலே ஆறுமுகத்தோடும் வள்ளி தெய்வானையோடும் மயில்மேல் அமர்ந்த சண்முகநாதர். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். அர்த்தசாம பூசையில் சாமிக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் இங்கே உண்டு. மழையில் நனைந்து குளிரில் நடுங்கிய பக்தரோடு முருகன் சுருட்டைப் பகிர்ந்துகொண்டான் என்பது ஊர்க்கதை. வெளியூரார் இதைக் கேட்டுப் புருவம் உயர்த்துவார்கள். மனிதருக்கு இதமானதைத் தானும் ஏற்கிற சாமி என்று ஊரார் நினைக்கிறார்கள். புகையிலையும் கடல் கடந்து வந்த பொருள்தானே! அதற்கு மலையில் இடமிருந்தது போலக் கடல் கடந்து வந்த மெட்டுக்கும் இடமிருந்தது.

இந்தக் கோயிலில் முப்பத்திரண்டு பெண்கள் பாடியும் ஆடியும் தொண்டு செய்தார்கள். முத்துப்பழனிக் கவிராயரின் விராலிமலைக் குறவஞ்சி அவர்கள் ஆடிய நாடகம். அந்த முப்பத்திரண்டில் கடைசியாக எஞ்சியவர் ஆர். முத்துக்கண்ணம்மாள். தலைமுறை தலைமுறையாகச் சதிர் ஆடிய குடும்பம். அவர் ஏழாம் தலைமுறை. தந்தை ராமச்சந்திரன் நட்டுவனார். ஏழு வயதில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டார். தினமும் படியேறி முருகன் முன் பாடி ஆடினார். அவருடைய உருப்படிகளில் அலாரிப்பும் பதமும் உண்டு, குறவஞ்சியும் கும்மியும் உண்டு, நோட்டும் உண்டு. ஏட்டில் இருந்து படித்தது அல்ல. தந்தையும் வீட்டுப் பெரியவர்களும் தட்டுக்கழி தட்டிச் சொல்லிக்கொடுத்தது. அவர் மலையேறியபோதெல்லாம் அவர் உடம்போடு நோட்டும் மலையேறியது.

அவர் பயின்ற காலத்தைக் கவனிக்க வேண்டும். மரபு முடிந்துகொண்டிருந்த நேரம் அது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். அவருடைய தாய் சந்திரம்மாள் இதே மரபில் வந்தவர். சிறு பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது எதில் போய் முடிந்தது என்பதை அவர் வீட்டுக்குள் இருந்தே அறிந்தவர். அவருடைய கோபம் நியாயமானது. 1947 இறுதியில் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்தது. கோயிலில் சலங்கை ஒலி நின்றது.

அதே ஆண்டுகளில் ஆட்டம் வேறு கைகளுக்குப் போனது. 1932-இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிருக்குப் பரதநாட்டியம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். மேளக்காரர்கள் மேடையின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். சாஸ்திரத்தில் இடமுள்ளது எது, இல்லாதது எது என்று சலித்தெடுத்தார்கள். சலித்தபோது கீழே விழுந்தவற்றில் நோட்டும் ஒன்று. வெள்ளைக்காரன் மெட்டுக்குத் தேசியக் கலையில் என்ன வேலை என்று எண்ணியிருக்கலாம். அந்தப் பெண்களின் வாழ்க்கை மாற வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களின் கலையை வாங்கிக்கொண்டு அவர்களை வாசலில் நிறுத்தியதுதான் இன்றும் வலிக்கிறது.

மேடைக் கச்சேரியில் மட்டும் நோட்டுக்கு யாரும் கதவடைக்கவில்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் புதிதாகவே ஓர் இங்கிலீஷ் நோட்டை அமைத்தார். அதை வீட்டுப் பாட்டாக ஆக்கியவர் மதுரை மணி ஐயர். கச்சேரி முடியும் நேரத்தில் 'நோட்டு, நோட்டு' என்று கூட்டம் கேட்கும். அவர் பாடுவார். சொல்லே இல்லாத வெறும் சுரங்கள், குழந்தை ஓடி வருவது போல வரும். ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம். அவர் 1968 ஜூனில் மறைந்தார். அடுத்த மாதம் 'தில்லானா மோகனாம்பாள்' வெளியாகி, இங்கிலீஷ் நோட்டு தமிழ்நாட்டின் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒலித்தது. மணி ஐயரின் மருமகனும் சீடருமான டி.வி. சங்கரநாராயணன் அதை அடுத்த தலைமுறைக்குப் பாடினார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் விரலில் அது வேறு மின்னலாக வந்தது. ஒவ்வொருவர் கையிலும் அதன் வேகம் மாறியது, நிறம் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. அமெரிக்காவில் வாழும் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் தீட்சிதரின் நோட்டுகளைத் தொகுத்து மேனாட்டு வாத்தியங்களோடு குறுந்தகடாக வெளியிட்டார். அயர்லாந்து மெட்டு சுற்றிக்கொண்டு மறுபடி மேற்கே போய்ச் சேர்ந்தது.

இப்படி ஒலிநாடா, குறுந்தகடு என்று ஒரு கிளை செழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஆடப்பட்ட நோட்டு விராலிமலையில் ஒரு வீட்டுக்குள் நினைவாக இருந்தது. வெகுகாலம் பதிவு செய்ய யாரும் வரவில்லை. முத்துக்கண்ணம்மாள் மறக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு டேவேஷ் சோனேஜி என்ற ஆய்வாளர் தேவதாசி மரபில் வந்த பெண்களைத் தேடிப்போய் அவர்களின் பாட்டையும் பேச்சையும் பதிந்தார். 2012-இல் அவர் எழுதிய 'அன்ஃபினிஷ்டு ஜெஸ்சர்ஸ்' நூலில் முத்துக்கண்ணம்மாளுக்கு முக்கிய இடமுண்டு. நடிகையும் நாட்டிய ஆய்வாளருமான ஸ்வர்ணமால்யா கணேஷ் அவரிடம் சதிர் பயின்றார். எண்பது வயதைத் தொட்ட காலத்திலும் அவர் மேடையில் நின்று பாடிக்கொண்டே அடவு காட்டினார். முழங்கால் முன்போல் மடங்காது. ஆனால் தாளம் விழும் இடத்தில் பாதம் விழும். 2022-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 84.

அவர் ஆடிக்காட்டும் நோட்டைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது கழுத்தை. மெட்டு அசையாமல் நேராகப் போகும். அவர் கழுத்தும் கண்ணும் அந்த நேர்கோட்டின் மேல் நம்மூர் அசைவைப் போட்டுக்கொண்டே வரும். தீட்சிதர் சொல்லால் செய்ததை இந்தப் பெண்கள் உடம்பால் செய்திருக்கிறார்கள். நோட்டில் கமகத்துக்கு இடமில்லை என்று மேலே எழுதினேன். தொண்டையில் இல்லாத கமகம் தோளிலும் கழுத்திலும் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் தன் மகளுக்கோ மருமகளுக்கோ சொல்லிக்கொடுத்தாள், அவள் இன்னொருத்திக்கு.

சென்ற முறை விராலிமலைக்குப் போனபோது வெயில் ஏறுவதற்குள் பாதிப் படி ஏறியிருந்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு மயில் தோகையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. கீழே ஊருக்குள் ஏதோ ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகள் சேர்ந்து பாடுவது காற்றில் வந்தது. சொல் பிரிந்து கேட்கவில்லை, மெட்டு மட்டும் தெளிவாக வந்தது. 'ட்விங்கிள் ட்விங்கிள்'தான். மேலே ஏறிக்கொண்டிருந்த என் வாயில் அது 'ஷ்யாமளே மீனாக்ஷி' என்று வந்தது. பிள்ளைகள் இரண்டாம் முறை தொடங்கியபோது சன்னிதி மணி அடித்தது. மிச்சப் படிகளை அந்த நடையிலேயே ஏறினேன்.